700 எச்பி மஸ்டாங்குக்கு பின் டயர் எது: ஹூஸ்டன் மழையில நாலு செட் ஓட்டிப் பார்த்து எழுதறது

முதல்லயே சொல்லிடறேன், இப்போ என் வண்டில பின்னாடி இருக்கறது மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், சைஸ் 275/40 ஆர்19 (275 மில்லிமீட்டர் அகலம், சைடு சுவர் உயரம் அதுல 40 சதவீதம், 19 இன்ச் ரிம்), போன அக்டோபர்ல மாட்டுனது, 9,400 மைல் ஓடியாச்சு, அடுத்த தடவையும் இதேதான் வாங்கப் போறேன். ஆனா இந்த முடிவுக்கு நான் நேரா வரல. நடுவுல ரெண்டு செட் தப்பா வாங்குனேன், அதுல ஒண்ணு என் பொண்ணு பின் சீட்ல உக்காந்திருக்கும்போது ஃப்ரீவேல வண்டிய சுத்த விட்டுடுச்சு. அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன், பவர் ஏத்துன வண்டிய தினமும் ஓட்டறவங்க யாராவது படிச்சா அந்த ரெண்டு செட் காசும் அந்த பயமும் மிச்சமாகட்டும்.

வண்டி 2019 மஸ்டாங் ஜிடி, பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ், 10 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். கம்பெனில இருந்து வரும்போது 460 எச்பி, 420 பவுண்டு அடி டார்க் (முறுக்கு விசை). ரெண்டு வருஷம் அப்படியே ஓட்டிட்டு அப்புறம் ரவுஷ் சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளி பவர் ஏத்தறது) போட்டேன், அந்த கிட்டுக்கு அவங்க சொல்ற நம்பர் 700 எச்பி, 610 டார்க். டிராக் வண்டியும் இல்ல ஷோ வண்டியும் இல்ல, கேட்டிங்கற புறநகர்ல இருந்து டவுன்டவுன் ஆபீஸுக்கு ஐ 10 ஃப்ரீவேல போக வர 60 மைல், சனிக்கிழமை மளிகை, மாசத்துக்கு ஒரு தடவை பேர்லாண்ட் மீனாட்சி கோயில், இதான் இந்த வண்டியோட வாழ்க்கை. ஹூஸ்டன் தெரியாதவங்களுக்கு, இங்க வருஷத்துக்கு சுமார் 50 இன்ச் மழை, அதுவும் நம்ம ஊர் ஐப்பசி மழை மாதிரி நின்னு நிதானமா பெய்யாது, மே மாசத்துல மத்தியானம் மூணு மணிக்கு வெயில் கொளுத்தும், நாலு மணிக்கு முன்னாடி போற லாரியோட லைட்டு தெரியாது, நாலரைக்கு திரும்ப வெயில். ஃப்ரீவே முக்கால்வாசி கான்கிரீட்டு, தண்ணி வடியற வரைக்கும் லேன் நடுவுல தேங்கி நிக்கும்.

சூப்பர்சார்ஜர் போடறதுக்கு முன்னாடி எனக்கு டயர பத்தி யோசனையே கிடையாது. வண்டி கூடவே வந்த பைலட் ஸ்போர்ட் 4எஸ் தேயற வரைக்கும் ஓட்டுனேன், அதான் முதல் செட். பவர் ஏத்துன அன்னிக்குத்தான் தெரிஞ்சது, பச்சை லைட்டு விழுந்து கால லேசா வச்சா போதும் பின்னாடி கீச்சுனு சுத்துது, டேஷ்போர்டுல மஞ்ச லைட்டு மின்னுது, இருபது மைல் வேகத்துல போனாலும் சுத்துது, நாப்பதுலயும் சுத்துது. உடனே எல்லாரும் சொல்ற மாதிரி நானும் "டயர் பத்தல, ஒட்டற டயரா போடணும்"னு முடிவு பண்ணேன். அங்கதான் தப்பு ஆரம்பம்.

இதுல ஒரு கணக்கு இருக்கு, அதை நான் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து பேப்பர்ல போட்டேன், போட்டப்புறம்தான் எனக்கு தெளிஞ்சது, அதனால அதையே இங்கயும் போட்டுடறேன். இன்ஜின் டார்க் 610. இந்த 10 ஸ்பீடு பெட்டில முதல் கியர் 4.70, பின் ஆக்சில் 3.55. மூணையும் பெருக்குனா ஆக்சில்ல பத்தாயிரம் பவுண்டு அடிக்கு மேல வருது. டயரோட ஆரம் 1.15 அடி, அதால வகுத்து, வழில வீணாகறதுக்கு ஒரு 15 சதவீதம் கழிச்சுட்டா ரோட்டை பின்னாடி தள்ற விசை சுமார் 7,500 பவுண்டு. சரி, டயர் எவ்ளோ தாங்கும்? வண்டி எடை நானும் சூப்பர்சார்ஜரும் சேர்த்து ஒரு 3,900, அதுல பின் சக்கரத்து மேல நிக்கறது சுமார் 1,750, வேகம் எடுக்கும்போது முன்னாடி இருக்கற எடை பின்னாடி சாயும், அது ஒரு 700 வச்சுக்கோங்க, மொத்தம் 2,500 கிட்ட. நல்ல சம்மர் டயர் (4எஸ் அந்த வகைதான்) காஞ்ச ரோட்டுல தன் மேல இருக்கற எடை அளவுக்கு, கொஞ்சம் கூட, பிடிக்கும். அப்போ 2,500ல இருந்து 2,700. இன்ஜின் கொடுக்கறது 7,500. மூணுல ஒரு பங்குதான் டயரால தாங்க முடியும். டிராக் ரேடியலே (நேர்கோட்டு ரேஸுக்குன்னு செய்யற, ரொம்ப ஒட்டற டயர்) போட்டாலும், சூடேத்தி, பசை அடிச்ச டிராக்குல நின்னாலும், முதல் கியர்ல முழு மிதி ரோட்டுக்கு போகாது. அப்போ நான் டயர் கடைல தேடிட்டு இருந்த பொருள் இந்த உலகத்துலயே இல்ல.

இன்னும் முக்கியமானது மழைக் கணக்கு. நனைஞ்ச ரோட்டுல பிடிப்பு அறுபது எழுபது சதவீதத்துக்கு இறங்கிடும்னு வச்சா, சாய்ற எடையும் குறையும், ரெண்டும் சேர்ந்து 1,400 பவுண்டுதான் தேறும். இப்போ ஏழாவது கியர பாருங்க, அது 1க்கு 1. அதே கணக்கு போட்டா ஏழாவது கியர்ல முழு டார்க் வந்தா 1,600 பவுண்டு. ஏழாவது கியர்! ஃப்ரீவேல 65ல சும்மா போயிட்டு இருக்கும்போது, லேன் மாத்த கொஞ்சம் அழுத்தி மிதிச்சா, ஆட்டோமேட்டிக் பெட்டி அதுவா நாலுக்கோ அஞ்சுக்கோ இறங்கும், அந்த நொடில மழை இருந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. என் வண்டிக்கு டயர் வேணும்னா அந்த நொடிக்குத்தான் வேணும், சிக்னல்ல இல்ல.

இது தெரியறதுக்கு முன்னாடி நான் வாங்குன ரெண்டாவது செட் ஒரு டிராக் ரேடியல். கம்பெனி பேர் வேண்டாம், டயர் மேல தப்பு இல்ல, அது எதுக்கு செஞ்சதோ அதை நல்லாத்தான் செஞ்சது, ரோட்டுல ஓட்டலாம்னு அமெரிக்க போக்குவரத்துத் துறையோட டாட் முத்திரையும் சைடுல இருக்கு. காஞ்ச ரோட்டுல, வெயில் நாள்ல, ரெண்டு மூணு மைல் ஓடி சூடானதுக்கு அப்புறம் அது பிடிக்கற பிடி இருக்கே, நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன். காலைல ஆறரை மணிக்கு சூடில்லாம கிளம்பும்போது மட்டும் பழைய டயரை விட ஒண்ணும் பெருசா இல்லைனு தோணும், அதை நான் கண்டுக்கல. பட்டன், அதாவது டயர் மேல வெட்டியிருக்கற பள்ளம் மேடு, புதுசுலயே மேலோட்டமாத்தான் இருந்துச்சு, நாலு மாசத்துல இன்னும் தேஞ்சது, அதையும் கண்டுக்கல. சைடு சுவர் மெத்துனு இருக்கறதால 70க்கு மேல காத்தடிச்சா பின்னாடி பாகம் லேசா ஊஞ்சலாடும், முன்னாடி இறுக்கமான சம்மர் டயர், பின்னாடி தளர்வான டயர், ரெண்டும் ரெண்டு பக்கம் பேசற மாதிரி இருக்கும்.

அப்புறம் அந்த நாள். ஏப்ரல் மாசம், பொண்ணை டான்ஸ் க்ளாஸ்ல இருந்து கூட்டிட்டு வரேன், மழை விட்டு கால்மணி நேரம் ஆச்சு, ரோடு காஞ்சிட்டு இருக்கற மாதிரி தெரிஞ்சுது. 60ல போறேன். மேம்பாலத்துல ஏறறதுக்கு முன்னாடி ஒரு தாழ்வான இடம், அங்க தண்ணி. ஏத்தத்துக்கு லேசா மிதிச்சேன், கியர் இறங்குச்சு, அவ்ளோதான், பின்னாடி பாகம் இடது பக்கம் போச்சு, நான் திருப்பினேன், வலது பக்கம் வந்துச்சு, ரெண்டு லேன் தாண்டி ஓரத்துல வந்த வழிய பார்த்து திரும்பி நின்னுடுச்சு. பக்கத்து லேன்ல யாரும் இல்ல. அது ஒண்ணுதான் எங்களை காப்பாத்துச்சு. பொண்ணு அழல, "அப்பா நாம ஏன் திரும்பி நிக்கறோம்"னு கேட்டா. வீட்டுக்கு போய் வைஃப்கிட்ட சொன்னேன், அவ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "ஏங்க, வண்டிய விக்க சொல்லல, அந்த டயர் இன்னிக்கே கழட்டுங்க"ன்னா. மறுநாள் கழட்டிட்டேன்.

நாசா 1960கள்ல விமான டயருக்காக கண்டுபிடிச்ச ஒரு சூத்திரம் இருக்கு, வழவழப்பான டயர் தேங்குன தண்ணி மேல எந்த வேகத்துல மிதக்க ஆரம்பிக்கும்னு சொல்றது: டயர் காத்தோட வர்க்கமூலத்தை 10.35ஆல பெருக்குனா மைல் கணக்குல வேகம் வரும். 32 பிஎஸ்ஐ காத்துக்கு 58 மைல் சொச்சம். நல்ல பட்டன் இருந்தா அந்த பள்ளம் வழியா தண்ணி வெளிய போய் இந்த வேகம் ஏறும், மொட்டை டயர்னா இதான் கணக்கு. நான் போனது 60. அகலமான டயர்னா இன்னும் மோசம், ஏன்னா அகலம் கூடும்போது ரோட்டுல படற இடம் குட்டையா அகலமா ஆகிடும், தண்ணிய கிழிச்சு ஒதுக்க நேரம் கிடைக்காது. "பெரிய டயர் போடு மாப்ள, எல்லாம் சரியாகிடும்"னு சொல்ற நண்பர்கள் எனக்கும் இருக்காங்க, காஞ்ச ரோட்டுக்கு அவங்க சொல்றது சரி, மழைக்கு அந்த அகலத்தோட கூடவே ஆழமான பட்டனும் வேணும்.

மூணாவது செட் பயத்துல வாங்குனது, ஒரு ஆல் சீசன் டயர். சும்மா டயர் இல்ல, நல்ல ஸ்போர்ட்ஸ் வகைதான். மழைல நிம்மதியா இருந்துச்சு, அதை மறுக்க மாட்டேன். ஆனா ஆகஸ்ட்ல ரோடு அடுப்பு மாதிரி கொதிக்கும்போது பட்டன் கட்டைங்க நெளியறது ஸ்டியரிங்லயும் சீட்லயும் தெரிஞ்சது, பிரேக் அடிச்சா பின்னாடி லேசா தவழற மாதிரி, முன்னாடி சம்மர் டயர் பின்னாடி ஆல் சீசன்னு கலந்து போட்டது என் தப்பு. முன்னாடி நல்லா பிடிச்சு பின்னாடி கம்மியா பிடிச்சா, மிதியில இருந்து கால திடீர்னு எடுத்தாலே பின்னாடி வெளிய வரும். 700 எச்பி பின் சக்கர வண்டில அந்த கலப்பு கூடாது. போட்டா நாலும் ஒரே ரகமா போடுங்க. டல்லாஸ், ஓக்லஹோமா பக்கம் குளிர்காலத்துலயும் இதே வண்டிய ஓட்டறவங்களுக்கு நாலும் ஆல் சீசன் போடறதுதான் சரி, மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4க்கு 45,000 மைல் வாரண்டி, கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம் கான்டாக்ட் டிடபிள்யூஎஸ் 06 பிளஸுக்கு 50,000, ரெண்டுமே பேர் வாங்குன டயர். சம்மர் டயர் ரப்பர் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு கீழ போனா இறுகிப் போய் பிளாஸ்டிக் மாதிரி ஆகிடும், 20 டிகிரிக்கு கீழ ஓட்டவே கூடாது, விரிசல் விடும்னு மிஷ்லினே சொல்றாங்க. 2021 பிப்ரவரில டெக்சாஸ் முழுக்க உறைஞ்சு கரண்டு இல்லாம கிடந்தோமே, அந்த வாரம் என் வண்டி கராஜை விட்டு அசையல, ஹூஸ்டன்ல அப்படி வாரம் பல வருஷத்துக்கு ஒண்ணு, அதுக்காக மீதி நாளெல்லாம் ஆல் சீசன்ல ஓட்ட வேண்டியதில்லைங்கறது என் முடிவு.

நாலாவது செட்டுக்கு கடைக்கு போறதுக்கு முன்னாடி டயர் சைடுல போட்டிருக்கற நம்பரெல்லாம் என்னன்னு ஒழுங்கா படிச்சேன். ட்ரெட்வேர்னு ஒரு நம்பர் இருக்கும், பைலட் ஸ்போர்ட் 4எஸ்ல 300, எக்ஸ்ட்ரீம் கான்டாக்ட் ஸ்போர்ட் 02ல 340, ஃபயர்ஸ்டோன் ஃபயர்ஹாக் இண்டி 500லயும் 340, ஆல் சீசன் வகைல 540, 560, டோயோ ஆர்888ஆர்ல 100. இந்த சோதனை நடக்கறது நம்ம டெக்சாஸ்லதான், சான் ஆஞ்செலோ ஊர் பக்கம் 400 மைல் சுத்து ரோடு, அதுல வண்டிங்களை வரிசையா விட்டு மொத்தம் 7,200 மைல் ஓட்டி, கூட ஓடற அளவுகோல் டயரை விட எவ்ளோ மெதுவா தேயுதுன்னு பார்ப்பாங்க. ஆனா கடைசில நம்பரை போடறது டயர் கம்பெனியேதான், அதனால ஒரு கம்பெனி 300ஐயும் இன்னொரு கம்பெனி 340ஐயும் பக்கத்துல வச்சு இது நாப்பது கூடுதல்னு நினைக்காதீங்க, ஒரே கம்பெனிக்குள்ள ஒப்பிட்டா அர்த்தம் இருக்கு. டிராக்‌ஷன் ஏஏன்னு இருக்கறதும் அப்படித்தான், நனைஞ்ச ரோட்டுல நேரா பிரேக் பூட்டி வழுக்கிப் பார்த்து கொடுக்கற மார்க்கு அது, வளைவுல எப்படி, மிதிச்சா எப்படின்னு அதுல ஒண்ணுமே இல்ல. நமக்கு வேண்டியதே மிதிச்சா எப்படிங்கறதுதான்.

கடைசி வரைக்கும் நின்னது ரெண்டு: எக்ஸ்ட்ரீம் கான்டாக்ட் ஸ்போர்ட் 02, பைலட் ஸ்போர்ட் 4எஸ். கான்டினென்டல்ல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், பட்டன் மேல டி, டபிள்யூன்னு எழுத்து பொறிச்சிருப்பாங்க, டபிள்யூ தேஞ்சு மறைஞ்சா இனி மழைக்கு ஆகாதுன்னு அர்த்தம், பட்டன் ஆழம் அளக்கற கேஜ் இல்லாம கண்ணால பார்த்தே தெரிஞ்சுக்கலாம், எல்லா கம்பெனியும் இதை செய்யணும். விலையும் கம்மி. நான் மிஷ்லின் பக்கம் போனதுக்கு ஒரே காரணம், என் முன் டயர் ரெண்டும் 4எஸ், அதுல பாதிக்கு மேல பட்டன் இருக்கு, மூணாவது செட்ல பட்ட கலப்பு பாடத்தை திரும்ப படிக்க எனக்கு மனசில்ல. நாலும் புதுசா வாங்கற நிலைமைல இருந்தா கான்டினென்டலை கண்டிப்பா யோசிப்பேன்.

4எஸ் 2017ல வந்த டயர், இதைவிட புதுசு எவ்ளோவோ வந்தாச்சு, ஆனா அதுல ஒரு விஷயம் நம்ம தேவைக்கு அப்படியே பொருந்துது. பட்டன்ல ரெண்டு ரப்பர். வெளி ஓரத்துல காஞ்ச ரோட்டு வளைவுக்கு ஒரு கலவை, உள் பக்கமும் நடுவுலயும் சிலிக்கா கலந்த, மழைக்கான கலவை. 8,000 மைல் தாண்டி, பட்டன் பாதி தேஞ்ச நிலைலயும் இந்த ஏப்ரல் மழைல அதே தாழ்வான இடத்தை 55ல தாண்டினேன், வேணும்னே, பக்கத்துல யாரும் இல்லாத நேரமா பார்த்து, ஸ்டியரிங்கை ரெண்டு கையால பிடிச்சுட்டு. தண்ணி அடில அடிக்கற சத்தம் கேட்டுச்சு, லேசா இழுத்துச்சு, நேரா போயிடுச்சு. மழைல நான் ஸ்னோ வெட் மோடுல போட்டுடுவேன், மிதியோட துடிப்பு குறைஞ்சிடும். மஸ்டாங் வச்சிருக்கற நிறைய பேர் அந்த மோடு ஸ்விட்சை தொட்டதே இல்ல, தயவுசெஞ்சு தொடுங்க.

காஞ்ச ரோட்டுல? 20 மைல் வேகத்துல முழுசா மிதிச்சா சுத்தும். கணக்கு மேல இருக்கு, எந்த டயரும் இதை மாத்தாது. ஆனா சுத்த ஆரம்பிக்கறது திடீர்னு இல்ல, முன்கூட்டியே சொல்லிட்டு சுத்துது, சீட்டுக்கு அடில ஒரு நடுக்கம், அப்புறம் சத்தம், அப்புறம்தான் நழுவல், கால எடுக்க நேரம் கொடுக்குது. 60க்கு மேல வெயில் நாள்ல நல்ல தைரியமாவே மிதிக்கலாம். டிராக் ரேடியல் சூடா இருக்கும்போது பிடிச்ச அளவுக்கு இது பிடிக்காது, ஆனா அது காலைல ஆறரை மணிக்கும் மழைலயும் எப்படின்னு எனக்கு தெரியும்.

சத்தம் பரவால்ல, கான்கிரீட்ல கொஞ்சம் ஓசை வருது, எக்ஸாஸ்ட் சத்தத்துல அது கேக்காது. குழில விழுந்தா இடுப்புக்கு தெரியும், 40 சுவர் அவ்ளோதான் தாங்கும்.

தேய்மானம். வாரண்டி விஷயத்துல நிறைய பேர் ஏமாந்துடறாங்க, 30,000 மைல்னு பார்த்துட்டு வாங்குவாங்க, முன்னாடி ஒரு சைஸ் பின்னாடி ஒரு சைஸ் இருக்கற வண்டிக்கு பின் டயருக்கு அதுல பாதிதான், 15,000. ஏன்னா முன்ன பின்ன மாத்திப் போட முடியாது. என் வண்டில முன்னாடி 255, பின்னாடி 275, அதனால இடது வலது மட்டும் மாத்திப் போடறேன். 4எஸ்ல அது முடியும், அந்த டயர்ல வெளி பக்கம் உள் பக்கம்தான் முக்கியம், சுத்தற திசை கிடையாது. அம்புக்குறி போட்ட டயர்னா அதுகூட முடியாது, ரிம்ல இருந்து பிரிச்சுத்தான் மாத்தணும். பட்டன் ஆழத்தை ஒரு இன்ச்சை 32ஆ பிரிச்சு சொல்வாங்க, புதுசுல கேஜ் வச்சப்போ 32ல 9க்கு மேல காட்டுச்சு, இப்போ நடுவுல 5.5, உள் ஓரத்துல 5. சட்டப்படி 2 வரைக்கும் ஓட்டலாம். நான் 4ல கழட்டிடுவேன், மழைக்கு 4தான் கடைசி. கேஜ் இல்லைனா குவார்ட்டர் காசை தலைகீழா பட்டன் பள்ளத்துல விடுங்க, வாஷிங்டன் தலை உச்சி தெரிஞ்சா 4க்கு கீழ போயாச்சு. பென்னி காசு வச்சு பார்க்கறது 2க்கு, அது நமக்கு ரொம்ப லேட்டு. 700 எச்பில தினமும் ஓட்டி 12,000, 13,000 மைல் வந்தா எனக்கு திருப்தி. ஒரு டயர் 380 டாலர் கொடுத்தேன், மாட்டுறது பேலன்சிங் தனி, மைலுக்கு கணக்கு போட்டா பெட்ரோலை விட கம்மிதான்.

உள் ஓரம் அரை புள்ளி கூட தேஞ்சதுக்கு காரணம் டயர் இல்ல, நான் ஸ்பிரிங் மாத்தி வண்டிய ஒரு இன்ச் இறக்குனது. இறக்குனா பின் சக்கரம் மேல் பக்கம் உள்ள சாயும், அதைவிட மோசம் டோ கலையறது, ரெண்டு சக்கரமும் நேரா பார்க்காம ஆளுக்கொரு பக்கம் பார்த்துட்டு ஓடுனா டயரை ரோட்டுல தேய்ச்சுட்டே போற மாதிரி. புது டயர் போட்ட அன்னிக்கே அலைன்மென்ட் பண்ணுங்க, 120 டாலர் மிச்சம் பிடிக்கறேன்னு 760 டாலர் டயரை தேய்ச்சுடாதீங்க. காத்து விஷயமும் அப்படித்தான், கதவு தூண்ல ஒட்டியிருக்கற அளவு, வண்டி ஓடாம ஆறி இருக்கும்போது. பத்து டிகிரி ஃபாரன்ஹீட் இறங்குனா ஒரு பிஎஸ்ஐ குறையும், இங்க ஜனவரில வடக்குக் காத்து வந்தா ஒரே ராத்திரில நாப்பது டிகிரி இறங்கும், காலைல நாலு பிஎஸ்ஐ கம்மியா இருக்கும். பிடிப்பு வேணும்னு காத்தை இறக்கி விடறது டிராக் ரேடியலுக்கு டிராக்குல செய்யற வேலை, தெருல 4எஸ்ல செஞ்சா ஓரம் மட்டும் தேஞ்சு, மழைல சீக்கிரம் மிதக்கும், மேல சொன்ன சூத்திரத்துல காத்து குறைஞ்சா வேகமும் குறையுது பாருங்க.

சைஸ் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க, 305/30 ஆர்19 போடலாமேன்னு. அந்த சைஸ் ஃபோர்டே பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் 2ல போட்டது, ஆனா அங்க முன்னாடியும் அதே சைஸ். உயரம் கணக்கு பண்ணுங்க, 275/40 ஆர்19 உயரம் 27.7 இன்ச், 305/30 வெறும் 26.2. பின்னாடி மட்டும் அதை போட்டா ஒன்றரை இன்ச் குள்ளம், கியர் இன்னும் முறுக்கா ஆகி இன்னும் சுத்தும், முன் டயரை விட பின் டயர் வேகமா சுத்தறதா கம்ப்யூட்டர் நினைச்சுட்டு டிராக்‌ஷன் கன்ட்ரோல் தேவையில்லாத நேரத்துல குறுக்க வரும். அகலம் வேணும்னா 10.5, 11 இன்ச் ரிம் வாங்கி, உயரம் ஒத்துப் போற சைஸா பார்த்து போடுங்க. என்கிட்ட இருக்கறது 9.5 இன்ச் ரிம், அதுக்கு 275 சரியா உக்காருது.

மாட்டுன கடை பத்தி ஒண்ணு. நான் போன கடை பேர் சொல்லல, முதல் தடவை இடது டயரை உள் பக்கம் வெளிய வர மாதிரி மாட்டிட்டாங்க. சைடு சுவர்ல அவுட்சைட்னு பெருசா எழுதியிருக்கும், அது வண்டிக்கு அடில போயிடுச்சு. ரெண்டு ரப்பர் வச்ச டயருக்கு அப்படி மாட்டுனா வெளி ஓரத்துல இருக்க வேண்டியது உள்ள போயிடும். நான் கிளம்பறதுக்கு முன்னாடி குனிஞ்சு பார்த்ததால தெரிஞ்சது, திரும்ப கழட்டி மாட்டினாங்க. நட்டை ஏர் கன்ல அடிச்சு விட்டுட்டாங்க, இந்த மஸ்டாங்குக்கு 150 பவுண்டு அடி, நான் வீட்டுக்கு வந்து டார்க் ரெஞ்ச் வச்சு தளர்த்தி திரும்ப பிடிச்சேன், 50 மைல் ஓடுனதும் இன்னொரு தடவை. டாட் நம்பரோட கடைசி நாலு இலக்கத்தையும் அங்கயே படிங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், ரெண்டு டயரும் ஒரே வயசா, ரொம்ப நாள் கிடங்குல கிடந்ததான்னு தெரிஞ்சிடும். புது டயர் மேல அச்சுல இருந்து வந்த வழவழப்பு இருக்கும், முதல் 500 மைலுக்கு கால அடக்கி வைங்க, நம்ம மாதிரி வண்டிக்கு இது சும்மா சொல்ற பேச்சு இல்ல.

டிராக் ரேடியலை நான் வெறுக்கல, அதுக்கு ஒரு இடம் இருக்கு. டாட்ஜ் 2018 டீமனை நிட்டோ என்டி05ஆர் மேலதான் வித்தாங்க, 2023ல வந்த டீமன் 170, இ85ங்கற எத்தனால் கலந்த பெட்ரோல்ல 1,025 எச்பி, அதுல மிக்கி தாம்சன் ஈடி ஸ்ட்ரீட் ஆர் போட்டாங்க. கம்பெனியே போடுது, உனக்கென்னன்னு ஒரு நண்பர் கேட்டார். அந்த வண்டி டிராக்குக்குன்னே பொறந்தது, என் வண்டி கோயிலுக்கு போறது. நான் இப்போ தனியா ரெண்டு 18 இன்ச் ரிம் வாங்கி, உயரமான சுவர் வச்ச டிராக் ரேடியல் மாட்டி கராஜ்ல வச்சிருக்கேன். பேடவுன்ல இருந்த ஹூஸ்டன் ரேஸ்வே பார்க்கை 2023ல மூடிட்டாங்க, அதுல எனக்கு ரொம்ப வருத்தம், அதுக்கப்புறம் வருஷத்துக்கு ரெண்டு தடவை எவடேல் போறேன், அங்க எட்டுல ஒரு மைல் டிராக். போற வழியெல்லாம் 4எஸ், ரேடியல் ரிம் ரெண்டும் நண்பரோட டிரக்குல வரும், அங்க போய் மாத்திட்டு, ஓடிட்டு, திரும்ப மாத்திட்டு வீட்டுக்கு. மாத்த அரை மணி நேரம் ஆகுது. அந்த அரை மணி நேரத்துக்கு சோம்பேறித்தனப்பட்டுத்தான் நான் அந்த செட்டை தினசரி மாட்டியிருந்தேன்.

இன்னும் 3,000 மைல் கிட்ட ஓடும், செப்டம்பர் புயல் சீசன்ல 4ஐ தொட்டுடும்னு கணக்கு. ஆகஸ்ட் கடைசிலயே ஆர்டர் போட்டுடலாம்னு இருக்கேன், 4க்கு வரட்டும்னு காத்திருக்கல. அப்போ முன் டயரும் 5க்கு வந்திருந்தா நாலும் சேர்த்து மாத்தி, கான்டினென்டல் ஒரு செட் ஓட்டிப் பார்த்து அதையும் இதே மாதிரி மைல் கணக்கோட எழுதறேன். மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர் எதுவா இருந்தாலும் பின்னாடி என்ன சைஸ் போட்டிருக்கீங்க, எத்தனை மைல் வந்துச்சு, முக்கியமா மழைல எப்படின்னு எழுதுங்க.